ரெண்டு முட்டை வாங்குகிறவர்கள்

முட்டை விலை நாமக்கல்லில் காசுக் கணக்கில் ஏறும். தெருவில் அது ரூபாய்க் கணக்கில்தான் ஏறும். திருச்சி பாலக்கரைப் பக்கம் முட்டையை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்றுப் பிழைக்கிறவன் நான். இதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். விலை ஏறிவிட்டது என்று எல்லோரும் பேசுகிறார்கள். யாருக்கு எவ்வளவு ஏறியது என்று யாரும் பேசுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். நாமக்கல் பண்ணை விலை 5 ரூபாய் 50 காசு என்று வைத்துக்கொள்வோம். வண்டி வாடகை, இறக்கு கூலி, உடைசல் எல்லாம் சேர்ந்து என் கடை வாசலுக்கு வரும்போது 5.70 ஆகிவிடும். அட்டையாக, அதாவது முப்பது முட்டையாக வாங்குகிறவருக்கு ஒன்று 5.90 போட்டு 177 ரூபாய் வாங்குவேன். அதே முட்டை என்னிடமிருந்து சைக்கிளில் போய் இரண்டு தெரு தள்ளி மளிகைக்கடையில் உட்கார்ந்தால், ஒன்று ஏழு ரூபாய். மாதத்துக்கு அறுபது முட்டை தின்கிற வீடு இரண்டு அட்டையாக வாங்கினால் 354 ரூபாய். அதே அறுபதைத் தினம் இரண்டாக வாங்கினால் 420. அறுபத்தாறு ரூபாய் கூடுதல். அந்தக் கூடுதலைக் கொடுப்பவர் யார் என்றால், 177 ரூபாயை ஒரே தடவையில் எடுத்து வைக்க முடியாதவர்.

25 காசு நாணயம் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போயிற்று. 50 காசு சட்டப்படி இன்றும் செல்லும். நீட்டினால் வாங்கத்தான் ஆள் இல்லை. அதனால் நாமக்கல்லில் ஐந்து ஐந்து காசாக நாலைந்து தடவை ஏறும்வரை மளிகைக்கடைக்காரர் ஆறு ரூபாயிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். பிறகு ஒரு நாள், ஆறரை என்றால் சில்லறைக்குத் தகராறு என்று, நேராக ஏழுக்குப் போய்விடுவார். விலை இறங்கும்போது அவர் உடனே இறக்குவதில்லை. ஏறும்போது கையைக் கடித்ததை இறங்கும்போது ஈடுகட்டிக்கொள்கிறார். அவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கும் ஒரு அட்டையில் ஒரு முட்டை உடைந்தால் லாபத்தில் ஒரு பகுதி போய்விடும். ஆனால் இந்தச் சுமை போய் விழுவது எப்போதும் ரெண்டு முட்டை வாங்குகிறவர்மேல்தான்.

சரக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாமக்கல்லிலிருந்து வண்டி தொட்டியம், முசிறி வழியாக விடியுமுன் வந்துவிடும். இறக்கும்போதே அட்டையைக் கையில் வாங்கினால் எடை தெரிந்துவிடும். நல்ல முட்டை ஒன்று ஐம்பத்தைந்து கிராம் இருக்க வேண்டும். அட்டை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். கனம் குறைந்தால் இடையில் புல்லட் கலந்திருக்கிறது என்று அர்த்தம். புதிதாக முட்டையிடத் தொடங்கிய கோழியின் சின்ன முட்டையைத்தான் புல்லட் என்போம். தின்பதற்கு அதில் ஒரு குறையும் இல்லை. பெரிய முட்டை விலைக்கு அதை விற்பதுதான் குற்றம். புல்லட்டைத் தனியாக எடுத்துத் தனி விலை போடுவது எங்கள் கடையில் அப்பா காலத்து வழக்கம். முட்டையின் கூரிய முனை கீழேயும் அகன்ற முனை மேலேயும் இருக்கிறதா என்று அடுத்துப் பார்ப்பேன். அகன்ற முனைக்குள்தான் காற்றறை இருக்கிறது. தலைகீழாக அடுக்கினால் முட்டை சீக்கிரம் கெடும்.

கீறலைக் கண்ணால் தேடினால் நேரம் போதாது. காதால் தேட வேண்டும். ஒரு கையில் இரண்டு முட்டையை எடுத்து லேசாக ஒன்றோடொன்று உருட்டித் தட்டுவோம். நல்ல ஓடு 'டிக்' என்று கணீரென ஒலிக்கும். மயிரிழைக் கீறல் இருந்தாலும் சத்தம் ஓட்டைப் பானையைத் தட்டியதுபோல் அமுங்கிவிடும். பழகிய பையன் பேசிக்கொண்டே அட்டை அட்டையாகத் தட்டித் தள்ளுவான். வெயில் காலத்தில் இந்த வேலை இரட்டிப்பு. சூட்டில் கோழி தீவனம் குறைவாக எடுக்கும், தண்ணீரையே குடிக்கும், ஓடு மெலிந்துபோகும். மழை காலத்தில் முட்டையைவிட அட்டைதான் பயம். காகிதக்கூழ் அட்டை நனைந்தால் நடுவில் மடங்கி அடுக்கு முழுவதும் சரியும்.

இனி விலைக்கு வருகிறேன். நாமக்கல் விலையை அறிவிக்கிற தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-ல் தொடங்கப்பட்டது. புனேயில் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நடத்திய பி.வி.ராவ் அதற்கு முன்னின்றார். அதுவரை விலையைச் சொன்னவர்கள் வியாபாரிகள். அவர்கள் கேட்ட விலைக்குப் பண்ணைக்காரர் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். விலையைப் பண்ணைக்காரரே அறிவிக்கட்டும் என்று வந்த ஏற்பாடு அது. நான் வியாபாரி. இருந்தாலும் அந்த ஏற்பாடு நியாயம் என்றே சொல்வேன். அது இல்லாமல் நாமக்கல்லில் இத்தனை பண்ணைகள் தாக்குப்பிடித்திருக்காது.

ஆனால் அறிவித்த விலையும் நடக்கிற விலையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. முட்டை தேங்கினால் 'மைனஸ்' வந்துவிடும். அறிவிப்பு ஐந்து ரூபாய் என்றிருக்க, பண்ணையில் முப்பது நாற்பது காசு கழித்துக் கொடுப்பார்கள். முட்டையை வைத்துக் காக்க முடியாது. கோழி நாளைக்கும் இடும். பேப்பரில் விலை அப்படியே இருக்கும். பண்ணைக்காரர் கையில் குறைந்திருக்கும். தெருவில் ரெண்டு முட்டை வாங்குகிறவருக்கு அந்தக் கழிவில் ஒரு காசும் வந்து சேராது. மைனஸ் முழுவதும் நடுவில் இருக்கிற எங்களிடமே தங்கிவிடுகிறது. இது என்னை உறுத்துகிற விஷயம். மைனஸ் கிடைக்கிற நாட்களில் அட்டை விலையை இறக்கிவிடுவேன். எல்லோரும் இறக்க வேண்டும் என்பது என் கட்சி.

முட்டை விலை ஏன் ஏறுகிறது என்று கேட்டால், தீவனம் என்பதுதான் முதல் பதில். முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்கிறது. தினம் தவறாமல் எல்லாக் கோழியும் இடுவதில்லை என்பதால் முட்டைக்கு 120 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். தீவனம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் முட்டையின் அடக்கத்தில் பன்னிரண்டு காசு ஏறும். அந்தத் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், அடுத்தது சோயா புண்ணாக்கு. 2021 ஆகஸ்ட்டில் சோயா புண்ணாக்கு கிலோ 90 ரூபாயைத் தாண்டி ஓடியது. மத்திய அரசு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி கொடுக்க வேண்டிவந்தது. அது அடங்கியதும் மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்குப் போகத் தொடங்கியது. பெட்ரோலில் கலப்பதற்கும் கோழி தின்பதற்கும் ஒரே மக்காச்சோளத்துக்குப் போட்டி. மக்காச்சோளம் போட்ட விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த விலை கடைசியில் தட்டில் இருக்கிற முட்டையில் வந்து நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. குஞ்சு வாங்கி விட்டால் அது முட்டையிட நாலரை மாதமாவது ஆகும். பண்ணைக்காரர் நஷ்டத்தில் இருக்கும்போது குஞ்சு விடுவதைக் குறைப்பார், வயதான கோழியை முன்கூட்டியே கறிக்குத் தள்ளுவார். அதன் விளைவு அன்றைக்குத் தெரியாது. அரை வருஷம் கழித்துத்தான் தெரியும். 2020 இதற்குப் பெரிய பாடம். கோழியாலும் முட்டையாலும் கொரோனா வருகிறது என்று அந்த மார்ச்சில் வதந்தி கிளம்பியது. நாமக்கல் விலை இரண்டு ரூபாயை ஒட்டி வந்து நின்றது. அடக்க விலையில் பாதிகூட வரவில்லை. தீவனம் வாங்கப் பணமில்லாமல் கோழிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிய பண்ணைகளை எனக்குத் தெரியும். அதே ஆண்டு அக்டோபரில் விலை ஐந்து ரூபாயைத் தாண்டியது. அதற்குள் டாக்டர்கள் முட்டை சாப்பிடச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள், முட்டைதான் இல்லை. வதந்தி பரப்பியவர்கள் யாரும் அந்த அக்டோபரில் ஏறிய விலைக்குப் பதில் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பொய்யால் மார்ச்சில் பண்ணைக்காரரும் அக்டோபரில் ஏழை வீடும் அடிபட்டார்கள். பிளாஸ்டிக் முட்டை என்று வந்த புரளியும் இந்த வகைதான். கடைக்கு வந்து உடைத்துக் காட்டச் சொன்னவர்களுக்கெல்லாம் உடைத்துக் காட்டினேன். ஓட்டுக்கு உள்ளே இருக்கிற வெள்ளைத் தோலைத்தான் பிளாஸ்டிக் என்று பயந்திருந்தார்கள்.

மாதத்துக்கு மாதம் வியாபாரமும் மாறும். புரட்டாசியில் பாதி வீடுகள் முட்டையைத் தொடாது. கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட வீடுகளில் அடுப்பே மாறிவிடும். எங்களுக்கு அப்போது மந்தம். ஆனால் அந்த நேரத்தில்தான் வடநாட்டில் குளிர் தொடங்கி முட்டை இழுக்கும். அடுத்து கிறிஸ்துமஸ் கேக்குக்குக் கேரளமும் பேக்கரிகளும் இழுக்கும். 2017 நவம்பரில் நாமக்கல் விலை ஐந்து ரூபாயைத் தாண்டியபோது பெரிய செய்தி. 2025 நவம்பரில் ஆறு ரூபாயைத் தாண்டியது, டிசம்பரிலும் இறங்கவில்லை. நம் தெருவில் வாங்க ஆள் குறைந்த மாதத்தில் நம் தெருவில் விலை உச்சத்துக்குப் போனது. இதை வாடிக்கையாளருக்குப் புரியவைப்பது எளிதல்ல. "மாலை போட்டு எங்க வீட்ல யாருமே திங்கலயே, அப்பறம் எப்படிண்ணே ஏறுது?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. வடக்கே குளிர் என்றால் நம்புவதற்கு அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

விலை ஏறினால் வீட்டில் என்ன நடக்கிறது என்பது கடையில் நிற்பவனுக்குத் தெரியும். அட்டை வாங்குகிற வீடு அட்டை வாங்குவதை நிறுத்துவதில்லை. ஜிம்முக்குப் போகிற பையன்கள் விலையே கேட்பதில்லை. பிரியாணிக்கடைக்காரர் முழு முட்டையைப் பாதியாக அறுத்து வைப்பார்; புரோட்டாக்கடையில் கொத்துக்கு ரெண்டு உடைத்த மாஸ்டர் ஒன்று உடைப்பார். குறைப்பவர்கள் சாயங்காலக் கூலியோடு வருகிறவர்கள். நாலு வாங்கியவர் மூன்று வாங்குவார். நாலு பேர் இருக்கிற வீட்டில் மூன்று முட்டை வாங்கினால் யாருக்கு இல்லை என்று நான் கேட்க வேண்டியதில்லை. இருந்தும் ஒரு தடவை கேட்டேன். கட்டட வேலைக்குப் போகிற பெண். "புள்ளைங்களுக்கு ஒண்ணு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. எனக்குக் கொழம்பு இருக்குல்லண்ணே" என்றார். குழம்பில் முட்டை வெந்த வாசனை இருக்கும், சத்து இருக்காது. நாள் முழுக்கச் செங்கல் சுமப்பவர் அவர்.

இன்னும் கீழே போனால் கீறல் முட்டை கேட்பார்கள். ஓடு கீறி உள்தோல் கிழியாத முட்டையைப் பாதி விலைக்குக் கொடுக்கலாம். அன்றைக்கே நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. உள்தோல் கிழிந்து ஒழுகினால் கொடுக்கவே மாட்டேன், எவ்வளவு கேட்டாலும் சரி. "ஆஃப்பாயில் போடாதீங்க, பொரிச்சிருங்க" என்று சொல்லித்தான் கீறலைக் கையில் கொடுப்பேன். விலை ஏறும் மாதங்களில் கீறல் கேட்டு வருகிறவர்கள் கூடுகிறார்கள். எந்தப் புள்ளிவிவரத்தையும்விட எனக்கு இதுதான் அளவுகோல்.

ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை ஆளுக்கு ஆண்டுக்கு 180 முட்டை. அதாவது இரண்டு நாளைக்கு ஒன்று. நாட்டில் ஆளுக்குக் கிடைப்பது சராசரியாக நூறை ஒட்டித்தான் நிற்கிறது. நாலு பேர் வீட்டுக்கு அந்தப் பரிந்துரைப்படி மாதம் அறுபது முட்டை. முன்னால் சொன்ன கணக்குத்தான்: அட்டையாக 354, சில்லறையாக 420. காசநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்ததை 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கினார்கள். நல்ல காரியம். என்னிடம் வாங்குகிற ஒரு பெரியவர் அந்தப் பணம் ஏறிய அன்று வந்து நேராக இரண்டு அட்டை வாங்குவார். ஒரு மாதத்துக்கு, நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஒன்று. பணம் ஏறத் தாமதமானால் மறுபடி ரெண்டு ரெண்டாக வாங்க வருவார். அப்போதும் அட்டை விலையையே போடுவேன்.

அவரிடமிருந்துதான் எனக்கு யோசனை வந்தது. கடை வாசலில் கரும்பலகை ஒன்று மாட்டினேன். மேலே அன்றைய நாமக்கல் விலை. அதன் கீழே அட்டை விலை, அதற்கும் கீழே ஐந்து முட்டை விலை. ஒன்றுக்கு ஆறரை என்று சொன்னால் அரை ரூபாய் தகராறு வருகிறது. ஐந்துக்கு 31 என்றால் வருவதில்லை. ஐந்தாக வாங்கினால் ஒன்று 6.20 விழும். நாமக்கல்லில் இருபது காசு ஏறினால் ஐந்துக்கு ஒரு ரூபாய் ஏற்றினால் போதும். இறங்கினால் அதேபோல் இறக்கலாம். ஏழுக்குத் தாவ வேண்டிய அவசியமே இல்லை. ஜிபே வந்த பிறகு இன்னும் சுலபம். 12 ரூபாய் 40 காசு என்று அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடுகிறார்கள். போனில் காசு இன்னும் செல்லும். அதனால் ரெண்டு முட்டைக்கும் ஐந்து முட்டை விலையையே போட முடிகிறது.

என்னிடம் முட்டை எடுக்கிற மளிகைக்கடைக்காரர்கள் சிலரிடம் இதைச் சொன்னேன். "அண்ணே, ஒங்களுக்கு மொத்த வியாபாரம் இருக்கு, தாங்குவீங்க" என்றார் ஒருவர். உண்மைதான். ஆனால் இன்னொருவர் ஐந்து முட்டை விலை போட்டுப் பார்த்தார். ரெண்டு வாங்கியவர்களில் பலர் ஐந்து வாங்கத் தொடங்கியதால் அட்டை சீக்கிரம் காலியாகிறது, முட்டை பழசாகாமல் விற்கிறது என்றார். முட்டைக்கு லாபம் குறைந்தாலும் ஓட்டம் கூடினால் கடைக்குக் கட்டுப்படியாகும்.

கடைசியாக ஒன்று, பள்ளிக்கூட முட்டையைப் பற்றி. சத்துணவில் முட்டை வந்தது 1989-ல். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010-லிருந்து வாரம் ஐந்து முட்டை. வெளியே விற்காமல் இருக்க முத்திரை குத்தித் தருகிறார்கள். முத்திரை போட்ட முட்டையை என் கடையில் யாரும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ரெண்டு முட்டை வாங்குகிற வீடுகள் இந்த விலையிலும் தலை தப்பி நிற்பதற்கு அந்த ஐந்து முட்டைதான் காரணம். மத்தியானம் பிள்ளை பள்ளியில் சாப்பிட்டுவிட்டது என்பதால்தான் ராத்திரி வாங்குவது மூன்றாகக் குறைந்தாலும் சமாளிக்கிறார்கள்.

மே மாதம் பள்ளி மூடினால் இது அத்தனையும் நின்றுபோகிறது. அந்தப் பிள்ளைகளே கடைக்கு வருவார்கள், சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு ஒன்று வாங்கிப் போவார்கள். அதே மாதத்தில் நாமக்கல்லில் சத்துணவுக்குப் போகிற முட்டை போக இடமில்லாமல் நிற்கிறது, மைனஸ் தலைதூக்குகிறது. விடுமுறையிலும் வாரம் ஒரு நாள் பள்ளியில் வைத்து, பிள்ளைக்கு ஐந்து முட்டை கையில் கொடுத்து அனுப்பலாம். வெயில் காலத்திலும் கழுவாத நல்ல முட்டை நிழலில் ஒரு வாரம் தாங்கும். வண்டி இருக்கிறது, ஒப்பந்தக்காரர் இருக்கிறார், முத்திரையும் இருக்கிறது. பண்ணைக்காரருக்கு மைனஸ் விழாது, பிள்ளைக்கு மே மாதத்திலும் முட்டை கிடைக்கும். இதனால் மே மாதத்தில் என் கடைக்கு வரும் சில்லறை வியாபாரம் குறையும். குறையட்டும்.